ஈமக்காரியமும் ஊர்க்காரியமும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு

இறுதிச் சடங்கு நிலையம் நடத்திக்கொண்டே உள்ளாட்சிப் பதவிக்கும் வந்திருக்கிற அன்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் ஜெயித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மற்ற வேட்பாளர்கள் ஓட்டுக் கேட்டு வாசல் வரை வந்து போகிறவர்கள். நீங்களோ நடுராத்திரியில் போன் அடித்தாலும் வந்து, குறுகலான மாடிப்படியில் எங்கேயும் இடிபடாமல் அந்த வீட்டுப் பெரியவரை இறக்கிக் கொடுத்தவர்கள். எந்த வீட்டில் கடன், எங்கே அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் உங்களுக்குத் தெரியும். வெளியே ஒரு வார்த்தை விட்டதில்லை.

இந்த இரட்டை வேலை புதிதும் அல்ல. அமெரிக்காவில் 1960கள் வரை பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியதே இறுதிச் சடங்கு நிலையங்கள்தான். ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகிற நீளத்தில் அவர்களிடம்தான் வண்டி இருந்தது. (பிழைத்தாலும் போனாலும் ஒரே வண்டி என்று யாராவது கேலி பேசாமலா இருந்திருப்பார்கள்!) அவசர மருத்துவத்துக்குத் தனி விதிமுறைகள் வந்த பிறகு, 1970களில் அது மெல்லக் கைமாறியது. ஆனால் சந்தேக மரணங்களை விசாரிக்கிற கரோனர் பதவிக்கு அங்கே பல இடங்களில் இன்றும் தேர்தல்தான். பல மாநிலங்களில் அதற்கு மருத்துவப் படிப்பு கட்டாயமில்லை. ஈமப்பணி செய்கிறவர்களும் ஜெயித்து வந்து உட்காருகிறார்கள். இங்கிலாந்தில் 1194இல் இந்தப் பதவி உருவானபோது, அரசருக்கு வரவேண்டிய வருமானத்தைக் காப்பதுதான் அதன் முக்கியமான வேலை. சாவும் காசும் அன்றைக்கே ஒரே மேசையில்தான் இருந்திருக்கின்றன.

அந்த மேசைதான் எனக்கு நெருடல். எதிரே நிற்பது அதிகாரியா, கடைக்காரரா என்று அழுதுகொண்டிருக்கிற வீட்டுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நீங்கள் வாயே திறக்க வேண்டாம், "சரி, அவரே பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் ஏமாற்றுவீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றத் தேவையே இல்லாமல் வியாபாரம் படிந்துவிடும் என்கிறேன்.

அதனால், அரசுப் பொறுப்பில் நீங்கள் போய் நிற்கிற சாவுக்கு உங்கள் நிலையம் வேலை எடுக்க வேண்டாம். மற்ற நிலையங்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மயான நிலம், கேட்பாரற்ற சடலங்களை அடக்கம் செய்யும் ஒப்பந்தம் என்று எது மன்றத்துக்கு வந்தாலும் எழுந்து வெளியே போங்கள், போனதைக் குறிப்பேட்டிலும் எழுதச் சொல்லுங்கள். சும்மா கைதூக்காமல் உட்கார்ந்திருப்பது போதாது. நீங்கள் அறையில் இருந்தால் எதிர்த்துப் பேசுகிறவருக்கு நாக்கு எழாது. அவர் வீட்டுச் சாவுக்கும் நீங்கள்தானே வந்திருப்பீர்கள்?

அப்புறம், விலை. அமெரிக்காவில் 1984இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி விலை போட்ட பட்டியலைக் கையில் கொடுக்க வேண்டும். போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். சவப்பெட்டியை வெளியே வாங்கி வந்தால் மறுக்கக் கூடாது. சட்டம் கேட்காதபோது எம்பாமிங் (சடலம் கெடாமல் மருந்தேற்றுவது) கட்டாயம் என்று சொல்லவும் கூடாது. உங்கள் ஊரில் அப்படி விதி இருக்கிறதோ இல்லையோ, பதவியில் இருக்கிற நீங்களே முதலில் பட்டியலை வாசலில் ஒட்டுங்கள். மலிவான பெட்டியை மூலை இருட்டிலிருந்து முன்னால் இழுத்துப் போடுங்கள்.

இவ்வளவு கேட்டாலும் நீங்கள் மன்றத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். இறப்புச் சான்றிதழில் பெயரில் ஓர் எழுத்து தப்பினால் என்ன ஆகும் என்று அங்கே உங்கள் அளவுக்கு யாருக்குத் தெரியும்? வங்கிக் கணக்கு முடங்கும், காப்பீட்டுப் பணம் நிற்கும். கணவரை இழந்தவர் அடையாள அட்டையைத் தூக்கிக்கொண்டு கவுன்ட்டர் கவுன்ட்டராக அலைவார். பதிவதற்கு முன் ஒருமுறை குடும்பத்தாரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும். அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக வையுங்கள். இதற்கு மட்டும் வெளியே போகாமல் உட்கார்ந்து பேசுங்கள்.

அன்புடன்,
ஒரு வாக்காளர்