அந்த 80 சதவீதத்தில் நானும் இருக்கிறேன்

மாநில செயற்கைக் கருத்தரிப்பு மற்றும் வாடகைத்தாய் வாரியத்தில் இருக்கும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 36, கல்யாணமாகி பதினோரு வருடம். மீதிக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், உங்கள் மேஜைக்கு வருகிற ஃபைல் எல்லாம் அதுதானே.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேனர் பார்த்தேன். கொழுகொழு குழந்தை படம், பக்கத்தில் '80% வெற்றி'. நான் இரண்டு தடவை ஐவிஎஃப் (முட்டையை எடுத்து, வெளியே கருவாக்கி, கருப்பையில் வைக்கிற சிகிச்சை) செய்துகொண்ட அதே மருத்துவமனை. எப்படி 80 என்று போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். கரு வைத்தவர்களை மட்டும்தான் எண்ணுவார்களாம், ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் வெற்றியாம்.

எனக்கு முதல் தடவை முட்டை எடுத்தார்கள், ஒன்றும் கருவாகவில்லை, வைப்பதற்கே எதுவும் இல்லை. ஆகவே நான் கணக்கிலேயே வரவில்லை. இரண்டாவது தடவை பதினான்காம் நாள் பாசிட்டிவ், ஏழாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை. ஆனால் பாசிட்டிவ் பாசிட்டிவ்தானே. என் கணக்கில் இரண்டு முறை, இரண்டும் தோல்வி. அவர்கள் கணக்கில் ஒரே முறை, நூற்றுக்கு நூறு.

எண்ணப்படாத அந்த முதல் தடவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். முட்டை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்னால் ஒரு ஊசி போட வேண்டும், நேரம் தவறக்கூடாது. எனக்கு இரவு பத்தரை. தினமும் வந்து ஊசி போடுகிற நர்ஸ் அக்கா அன்றைக்கென்று ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். சாயங்காலத்திலிருந்தே கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜில் இருந்த மருந்தை மீன்காரரிடம் வாங்கிய ஐஸோடு பிளாஸ்க்கில் வைத்துக்கொண்டு திண்ணைக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தோம். கடைசியில் இவர் செல்போன் வெளிச்சம் பிடிக்க, நானே வயிற்றில் குத்திக்கொண்டேன். இவர் கை நடுங்கி வெளிச்சம் சுவருக்குப் போய்விட்டது, "இங்க காட்டுங்க"ன்னு அதட்டினேன். கூட்டுறவு சங்கத்தில் வைத்த நகையும் அந்த ராத்திரியும் எந்தச் சதவீதத்திலும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு மையமும், சிகிச்சை தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் உயிரோடு குழந்தை பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்பதை, வயது வாரியாக, தமிழில், ரிசப்ஷனில் எழுதி வைக்க வேண்டும்.

இது நடக்காத காரியமும் இல்லை. அமெரிக்காவில் 1992லேயே சட்டம் போட்டு மையம் மையமாக வெளியிடுகிறார்கள். பிரிட்டனிலும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கேயே 35க்குக் கீழே ஒரு கரு வைத்தால் குழந்தை பிறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, 43ஐத் தாண்டினால் சொந்த முட்டையில் நூற்றுக்கு ஐந்தைச் சுற்றித்தான். இங்கே பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் 80. வெற்றி வாய்ப்பையும் செலவையும் ஆபத்தையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று செயற்கைக் கருத்தரிப்புக்கான நம் 2021 சட்டமே சொல்கிறது, தேசியப் பதிவேட்டுக்கு மையங்கள் விவரம் அனுப்பவும் வேண்டும். அந்த விவரம் எங்கள் கண்ணில் மட்டும் படக்கூடாதா?

பயிர்க் காப்பீட்டுக்கு எங்கள் வயலில் இறங்கி, அஞ்சுக்கு அஞ்சு மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, எடை போட்டுத்தான் மகசூல் எழுதுகிறீர்கள். கதிரில் பால் பிடித்திருக்கிறது என்று நாங்கள் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? திருக்கருகாவூர் கோயிலில் குழந்தை வரம் கேட்டு வருகிறவர்களுக்கு நெய் கொடுக்கிற குருக்கள்கூட சதவீதம் சொல்வதில்லை, அம்பாள் விட்ட வழி என்கிறார். அவரிடம் ரசீதும் சின்னது.

சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் ஐவிஎஃப் மையம் திறந்தது நல்ல காரியம். மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் எழும்பூரிலேயே இறக்கிவிடும், ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் அங்கே எங்கே தங்குவது? தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில் ஒன்று வந்தால் இந்த டெல்டாவே கும்பிடும். சரி, அது வேறு மனு.

டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. முட்டை எடுத்த அந்த அம்மா ஒன்றும் கருவாகவில்லை என்று சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். மூன்றில் ஒன்றுதான் என்று முதல் நாளே சொல்லியிருந்தாலும் நாங்கள் போயிருப்போம். என்ன, நகையில் பாதியையாவது வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்போம்.

தயவுசெய்து அந்தப் பேனர்களைக் கொஞ்சம் பாருங்கள். தொடங்கியவர்கள் எத்தனை, குழந்தையோடு போனவர்கள் எத்தனை, வயது வாரியாக, தமிழில். என் இரண்டு ஃபைலும் பீரோவில் இருக்கின்றன, கேட்டால் நகல் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் ஒருத்தி