வாசலில் நிற்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

சமூக நலச் செவிலியப் பயிற்சி போன வாரம் முடிந்தது. பதிவேட்டில் கையெழுத்து வாங்கியாயிற்று, பையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கடைசி நாள் அவசரத்தில் பாதிப் பேரிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

யார் பெயரையும் எழுதப்போவதில்லை. ஒரு வீட்டுக்குள் பார்த்ததையும் கேட்டதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது இந்தப் பயிற்சியில் கற்ற முதல் விதி. பெயர் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் வீடு தெரிந்துவிடும். எந்த வரி யாரைப் பற்றியது என்று உங்களுக்கே புரியும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் விரும்பி வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. அங்கே நாம் செய்ததன் பலன் அன்றைக்கே தெரியும். சமூக நலச் செவிலியம் என்றால் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ‘கையைக் கழுவுங்கள்’ என்று சொல்வதுதானே என்று நினைத்திருந்தேன்.

மேடம், அந்த நினைப்பை முதலில் அசைத்தவர் நீங்கள். 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, பிராட் தெருப் பம்பின் தண்ணீர்தான் காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வாதாடி, அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்த கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் அதோடு நிறுத்தாமல் ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியாரைப் பற்றிச் சொன்னீர்கள். அவர் ஸ்னோவை நம்பவில்லை. ஸ்னோ சொன்னது தவறென்று காட்டுவதற்காகவே தெருத் தெருவாகப் போய் விசாரித்தார். அங்குள்ளவர்கள் அவருக்கு முன்பே பழக்கம் என்பதால், திரும்பத் திரும்பப் போனாலும் பேசினார்கள். கடைசியில் ஸ்னோ சொன்னதுதான் சரி என்று அவரே ஒப்புக்கொண்டார். 600-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற அந்தப் பரவல் எங்கே தொடங்கியிருக்கும் என்பதற்கும் அவர் விசாரணையில்தான் பதில் கிடைத்தது. பம்பை ஒட்டிய வீட்டில் வயிற்றுப்போக்கு வந்து இறந்துபோன ஒரு கைக்குழந்தை. அதன் துணிகளை அலசிய தண்ணீரை அம்மா ஊற்றிய கழிவுக்குழி, பம்புக் கிணற்றிலிருந்து சில அடி தூரத்தில் இருந்தது.

“குழந்தையைப் பறிகொடுத்த அம்மாவிடம் போய், துணி அலசிய தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள் என்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பீர்கள்?” என்றீர்கள். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு இன்றும் முழுப் பதில் தெரியாது. ஆனால் இது கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோன்றியது.

அடுத்தது சிஸ்டருக்கு. களத்தில் என்னை மேய்த்தவர் நீங்கள். முதல் வீட்டிலேயே சொதப்பினேன். பிறந்து எட்டு நாளான குழந்தை படுத்திருந்த கட்டிலில், குழந்தையின் தலைமாட்டில், தெருவெல்லாம் சுற்றிய பையை வைத்தேன். நீங்கள் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எடுத்து, காகிதம் விரித்து அதன்மேல் வைத்தீர்கள். வெளிப்பக்க உறையிலிருந்து சோப்பும் துண்டும் எடுத்துக் கை கழுவிவிட்டுத்தான் பையின் உள்ளறையைத் திறந்தீர்கள். குழந்தையைத் தொட்ட பிறகு பைக்குள் இன்னொரு பொருள் தேவைப்பட்டபோது மறுபடியும் கழுவினீர்கள். தெருவுக்கு வந்த பிறகுதான், “அந்தப் பை இன்று எத்தனை வீட்டுக்குப் போகும், எண்ணிப் பார்” என்றீர்கள்.

வீடுகளுக்குப் போகும் வரிசைக்கும் அதே கணக்குதான். பச்சிளங்குழந்தையும் பிரசவித்த தாயும் இருக்கும் வீடு முதலில், அடுத்து கர்ப்பிணிகள், தொற்று உள்ள வீடு கடைசியில். நானோ நடைதூரத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் தெரு வரிசைப்படி பட்டியல் போட்டு வந்திருந்தேன். அதை நீங்கள் மடித்து என் சட்டைப்பையிலேயே செருகியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பையைவிடப் பெரிய பாடம் வாசல். வார்டில் நோயாளி நம் இடத்துக்கு வருகிறார். நாம் சொன்ன நேரத்தில் எழுந்து, நாம் காட்டிய கட்டிலில் படுக்கிறார். வீட்டில் எல்லாம் தலைகீழ். வரச் சொன்னால்தான் உள்ளே போகலாம், காட்டிய இடத்தில்தான் உட்காரலாம். வேண்டாம் என்றால் திரும்ப வேண்டும், திரும்பிய பிறகு இன்னொரு நாள் போகவும் வேண்டும். படிப்பில் இதற்கு ஒரு வரி இருக்கிறது. என் மண்டையில் அது ஏற இரண்டு வாரம் ஆனது.

வயிற்றுப்போக்கோடு இருந்த இரண்டு வயதுக் குழந்தையின் அம்மாவுக்கு நன்றி. உங்களிடம் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கொடுத்து, “ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள், 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்” என்று கிளிப்பிள்ளை போல ஒப்பித்தேன். நீங்களும் தலையாட்டினீர்கள். எனக்குப் பரம திருப்தி. சிஸ்டர்தான், “எதில் கலப்பீர்கள், காட்டுங்களேன்” என்று கேட்டார். நீங்கள் கொண்டுவந்தது ஒரு டம்ளர். ஒரு லிட்டரை அளக்க அந்த வீட்டில் பாத்திரமே இல்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை. முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளரில் கரைத்திருந்தால் குழந்தையின் இரத்தத்தில் உப்பு ஏறி ஆபத்தாகியிருக்கும். கண்டபடி தண்ணீர் சேர்த்திருந்தால் கொடுத்தும் பலன் இருந்திருக்காது. கடைசியில் ஒரு காலி தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்து, அதில் அளந்து ஊற்றி, உங்கள் பானையின் உட்புறத்தில் ஆணியால் ஒரு கோடு கீறினோம். அடுத்த வாரம் நான் வந்தபோது பக்கத்து வீட்டுப் பானையிலும் ஒரு கோடு இருந்தது. அதைக் கீறியது நீங்கள். என் அறிக்கையில் ‘நலக்கல்வி அளிக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறேன். அளித்தது யார் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

புள்ளிவிவரம் பார்க்கும் அண்ணனுக்கு ஒரு பெரிய கும்பிடு. ஒரு தெருவில் ஒன்பது குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, அடுத்த தெருவில் நான்கு பேருக்குத்தான், ஆகவே முதல் தெருவில்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று ஓடிவந்தேன். “எத்தனை பேரில் ஒன்பது?” என்று தலையை நிமிர்த்தாமலே கேட்டீர்கள். எண்ணிப் பார்த்தால் முதல் தெருவில் 90 குழந்தைகள், அடுத்ததில் 20. பத்தில் ஒரு குழந்தை, ஐந்தில் ஒரு குழந்தை. நான் ஓடவிருந்தது தப்பான தெருவுக்கு. சிசு மரணத்தை ஆயிரம் உயிருள்ள பிறப்புகளுக்கும், மகப்பேறு மரணத்தை ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கும் கணக்கிடுவதை மனப்பாடமாகச் சொல்வேன். வகுக்கும் எண் எதற்கு என்பது உங்கள் மேசை முன்னால்தான் புரிந்தது.

தடுப்பூசிப் பெட்டியைக் காப்பவருக்கும் இங்கேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன். 2 முதல் 8 டிகிரி வரை, காலையும் மாலையும், விடுமுறை நாளிலும் நீங்கள் குறித்த அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிய அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். குப்பியின் மேலுள்ள சிறு சதுரம் சூடு படப்படக் கறுக்கும்; சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் அந்த மருந்தைத் தூக்கிப்போட வேண்டியதுதான். உங்கள் பெட்டியில் அப்படி ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

தன்னார்வலர் அக்கா, உங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் மடல் முடியாது. யார் வீடு மாறினார்கள், யார் மசக்கையை மறைக்கிறார்கள், எந்த வீட்டில் மாமியார் இல்லாத நேரத்தில் போனால் மருமகள் பேசுவாள் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. தங்கள் நலப் பணிகளைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று அடிப்படைச் சுகாதாரம் பற்றி உலக நாடுகள் கூடி வெளியிட்ட 1978-ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா பிரகடனம் சொல்கிறது. தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் முகாம் நாளை வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு மாற்றச் சொல்லி நீங்கள் சண்டை போட்டபோது, இவருக்கு எதற்கு இந்த வேலை என்று மனதுக்குள் எரிச்சல்பட்டேன். செவ்வாய்க்கிழமை வந்த கூட்டத்தைப் பார்த்த பிறகு வாயைத் திறக்கவில்லை. மன்னிக்கவும், அக்கா.

பள்ளி முகாமில் என்னோடு இருந்த தோழிக்கும் ஒரு வார்த்தை. தலையில் பேனும் தோலில் படர்தாமரையும் இருந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் போதும் என்று நான் சொன்னேன். “அனுப்பினால் வீட்டில் யார் வைத்தியம் பார்ப்பார்கள்?” என்று நீ கேட்டாய். 1902-இல் நியூயார்க்கில் இதே கதைதான் நடந்திருக்கிறது. தொற்று இருந்த பிள்ளைகளைப் பரிசோதித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டிலோ வைத்தியம் பார்க்க ஆளில்லை. லினா ராஜர்ஸ் என்ற செவிலியர் ஒரு மாதச் சோதனையாகச் சில பள்ளிகளில் அமர்த்தப்பட்டார். பள்ளியில் மருந்து போட்டார், மாலையில் பெற்றோரைத் தேடி வீட்டுக்குப் போனார். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள், சோதனை நிரந்தர வேலையாகிவிட்டது. அவரை அனுப்பி வைத்த லிலியன் வால்ட்தான் ‘பொதுநலச் செவிலியர்’ என்ற பெயரையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். இதையெல்லாம் நான் படித்தது முகாமுக்கு அப்புறம். உனக்கு மட்டும் படிக்காமலே அந்தக் கேள்வி எப்படி வந்தது?

மூன்றாவது வாரம் விட்டுவிட்டுப் போக இருந்தேன். படுக்கைப்புண்ணோடு ஒரு பெரியவர், அவரை ஒற்றை ஆளாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த மருமகள், தரையில் தவழும் பேரன். அந்த ஒற்றை அறையில் எதைத் தொடங்குவது என்றே தெரியவில்லை. திரும்பி வந்து அழுதேன். சிஸ்டர், நீங்கள் தேற்றவெல்லாம் இல்லை, மேரி ராபின்சன் கதையைச் சொன்னீர்கள். 1859-இல் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தன் மனைவியின் கடைசி நாட்களில் பணிவிடை செய்த செவிலியரையே, ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும்படி மூன்று மாதத்துக்கு அமர்த்தினார். ஒரு மாதம் ஆனதும் அந்த அம்மா அழுதுகொண்டே வந்து, கண்ணால் பார்க்க முடியவில்லை, என்னால் ஆகாது என்றார். இன்னும் கொஞ்சம் பாருங்கள் என்று ராத்போன் கேட்டுக்கொண்டார். மூன்று மாதம் முடிந்தபோது இந்த வேலையிலேயே இருக்கிறேன் என்று அவரே சொன்னார். வீடு தேடிப் போகும் செவிலியப் பணி அமைப்பாக வளர்ந்தது அங்கிருந்துதான். “அந்த அம்மாவே அழுதிருக்கிறார், நீயும் அழுதுவிட்டு நாளைக்கு வா” என்று முடித்துவிட்டீர்கள்.

மறுநாள் போனோம். வருமுன் தடுப்பது, தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது, வந்தபின் முடக்கத்தைக் குறைப்பது என்று மூன்று நிலைகளையும் நான் மூன்று தனிப் பக்கங்களில் படித்திருந்தேன். அந்த ஒரே அறையில் மூன்றும் இருந்தன. பேரனுக்கு விட்டுப்போன தடுப்பூசி. தலைச்சுற்றல் என்று சொல்லாமலே இருந்த மருமகளுக்கு இரத்த அழுத்தப் பரிசோதனை. பெரியவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கும் முறை. இரவு முறையை அவர் மகன் எடுத்துக்கொண்டார். புண் ஆறிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆறவில்லை, பெரிதாகவும் இல்லை. அந்த மருமகளுக்கு என் நன்றி. எட்டு வாரத்தில் உங்களிடம் கற்ற அளவுக்கு உங்களுக்கு நான் செய்யவில்லை.

மற்ற தோழிகளுக்கு: என் கிறுக்கல் எழுத்தில் இருந்த குடும்பப் பதிவேட்டைத் திருத்திக் கொடுத்தீர்கள், என் குடையைத் தொலைத்தீர்கள். கணக்கு சரியாகிவிட்டது.

இனி ஒருவர்தான் பாக்கி. கடைசி வீட்டுப் பெரியவரே, உங்கள் வாசலில் நின்று, நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பதை நோயின் பெயரோடு தெருவே கேட்கும்படி கூவினேன். நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். சாத்தியதுதான் நியாயம். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, பதிவேட்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதினேன். சிஸ்டர் அந்த வரியை அடிக்கச் சொல்லி, ‘செவிலியர் மீண்டும் செல்ல வேண்டும்’ என்று எழுதவைத்தார். நான்கு முறை வந்தேன். நான்காவது முறை ஜன்னலைத் திறந்து, “இப்போது நேரமில்லை” என்று மட்டும் சொன்னீர்கள். அந்த ஜன்னலுக்கு நன்றி.

என்ன நோய் என்று இங்கே எழுதவில்லை. பயிற்சி முடிந்துவிட்டாலும் சிஸ்டரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். வியாழக்கிழமை காலை அவரோடு வருகிறேன். இந்த முறை கூப்பிட மாட்டேன், மெதுவாகத் தட்டிவிட்டு நிற்பேன்.

அன்புடன்,
அன்றைக்கு உங்கள் வாசலில் கூவிய மாணவி