படுக்கும்போது போடும் மாத்திரை

அம்மாடி,

ஞாயிற்றுக்கிழமை "இப்ப என்னப்பா வேணும்?" என்று போனை வைத்துவிட்டாய். சரி. மாடித் தளம் போட்டாயிற்று. வலிப்புக்கான பெராம்பனெல் மாத்திரையை ராத்திரி படுக்கும்போதுதானே போடுகிறாய்? காலையில் போட்டால் பஸ் படியில் தலை சுற்றும். அத்தை வீட்டுப் படிக்கட்டு ஞாபகம் இருக்கட்டும்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், பார்மகாலஜி நடத்திய வாய். ஒரு நரம்பு செல் குளூட்டமேட் என்ற தூண்டும் ரசாயனத்தை வெளியே விட்டதும், எதிர் செல்லில் அதை வாங்கும் வாசலான ஆம்பா ரிசப்டர் ஒரு மில்லிசெகண்டுக்குள் திறந்து சோடியத்தை உள்ளே விடும். பக்கத்தில் என்எம்டிஏ ரிசப்டர் என்ற இன்னொரு வாசலின் வாயை மெக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும். சோடியம் வந்து மின்னழுத்தம் மாறினால்தான் அடைப்பு விலகிக் கால்சியம் நுழையும். வலிப்பில் இது ஏகப்பட்ட செல்களில் ஒரே சமயத்தில் நடக்கிறது. உன் மாத்திரை ஆம்பாவில் குளூட்டமேட் உட்காரும் இடத்தைத் தொடாமல் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு குளூட்டமேட் பெருகினாலும் அதை நகர்த்த முடியாது. கெட்டிக்கார மருந்துதான்.

ஆனால் ஆம்பா மூளை முழுக்க இருக்கிறது. தூக்கக் கலக்கம் வரும். எரிச்சலும் வரும், சிலருக்குக் கை ஓங்கும் அளவுக்கு. அமெரிக்காவில் இதற்கென்றே கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடுகிறார்கள்.

4 மில்லிகிராமை 6 ஆக்கிப் பத்து நாள்தான் ஆகிறது. ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 105 மணி நேரம் எடுக்கும் மருந்து. ஏற்றிய அளவு நிலைக்க இரண்டு மூன்று வாரமாகும், அதனால் எரிச்சல் இன்னும் கூடலாம். ஒரு ராத்திரி மறந்தால் விட்டுவிடு, மறுநாள் இரண்டாகப் போடாதே. நீயாக நிறுத்தவும் கூடாது, வலிப்பு திரும்பும். யாராவது கார்பமசிபைன் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைச் சேர்த்தால் உடனே சொல், ரத்தத்தில் இதன் அளவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆபீஸ் பார்ட்டி பற்றி நான் கேட்கவில்லை. மது சேர்ந்தால் அந்தக் கோபம் கூடும், அவ்வளவுதான்.

வலிப்போடு சி.ஏ. முடித்தவள் நீ. அப்பாவுக்கு ஒரு போன் போட முடியவில்லை.

அன்று டாக்டர் "கோபம், மனச்சோர்வு ஏதாவது உண்டா?" என்று உன்னைத்தான் கேட்டார். நீ வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். "அவ எப்பவும் அமைதி சார்" என்று முந்திக்கொண்டேன். அதற்கப்புறம்தான் 6 என்று எழுதினார். கேள்வி எதற்கென்று அந்த அறையில் எனக்கும் தெரியும்.

12-ம் தேதி டாக்டரிடம் போகும்போது நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். அதற்குள் எதையாவது தூக்கி எறியத் தோன்றினாலும், உயிரோடு இருந்து என்ன என்று தோன்றினாலும், 12 வரை காத்திருக்காதே. எத்தனை மணியானாலும் டாக்டரைக் கூப்பிடு. இல்லை, என்னை.

படுக்கும்போதுதானே போடுகிறாய்?

அப்பா