தேசவழமையைத் தவறவிட்ட கொலைக்கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழில் அந்த ஒல்லாந்தர் காலத்துத் துப்பறியும் நாவலைப் புகழ்ந்து வந்த மதிப்புரையை நம்பித்தான் வாங்கினேன். வாசித்து முடிய ஏமாற்றமும் கோபமும்தான் மிஞ்சியது. யாழ்ப்பாணத்தை வைத்துச் சரித்திரக் கொலைக்கதை எழுத ஆள் கிடைப்பதே அருமை, அதனால்தான் இவ்வளவு மனவருத்தம்.

கதை 1707இல் நடக்கிறது. வண்ணார்பண்ணையில் பெரிய காணிக்காரர் ஒருவர் தன் வளவுக் கிணற்றுக்குள் செத்துக் கிடக்கிறார். இரண்டு ஆண்பிள்ளைகள், சீதனம் வாங்கிப் போன மகள், காணியை ஒற்றிக்குப் பிடித்த பக்கத்து வளவுக்காரர், எல்லோர் மேலும் சந்தேகம். துலாக்கயிறு தானாக அறுந்ததா, அறுத்து விட்டார்களா என்று விதானையார் நுனியை விரலால் தடவிப் பார்க்கிற இடம் அருமை, அந்தப் பக்கத்தை நான் திரும்பவும் வாசித்தேன். அதோடு சரி. கயிற்றை எழுத்தாளரே மறந்துவிட்டார். கடைசி அத்தியாயத்தில், அதுவரை பேரே வராத ஒரு ஒல்லாந்துச் சிப்பாய் கோட்டைக்குள்ளிருந்து வந்து 'நான்தான் கொன்றேன்' என்கிறான். பிறகு எதற்கு நாங்கள் முந்நூறு பக்கம் மண்டையைப் போட்டு உடைத்தோம்?

இதில் எனக்குப் பொறுக்காதது வேறொன்று. 1707 என்றால் யாழ்ப்பாணத்து ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து வழக்கச் சட்டத்தை, தொகுத்து, அதைத் தமிழாக்கி 12 முதலியார்களிடம் (தமிழ்த் தலைவர்களிடம்) காட்டிச் சம்மதம் வாங்கிய காலம். தகப்பன் வழிப் பரம்பரைச் சொத்தான முதுசம் ஆண்மக்களுக்கு, தாய் கொண்டுவந்த சீதனம் பெண்மக்களுக்கு என்று இருந்த பழைய வழக்கம் பறங்கியர் (போர்த்துக்கேயர்) காலத்திலேயே குழம்பி, எந்தச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டதை அந்தத் தொகுப்பே சொல்கிறது. அப்படியென்றால் தகப்பனின் முதுசக் காணி மகளின் சீதனமாகப் போனால் அண்ணன் தம்பிமார் சும்மா இருப்பார்களா? காணி விற்பதென்றால் உரித்தாளிக்கும் (வாரிசுக்கும்) காணியை ஒற்றிக்குப் பிடித்தவனுக்கும் முதலில் அறிவிக்க வேண்டும், அதை மறைத்திருந்தால்? தோம்பில், அதாவது ஒல்லாந்தரின் காணிப் பதிவேட்டில், ஒரு பெயரை மாற்றி எழுதியிருந்தால்? கொலைக்குக் காரணம் கையெட்டுகிற தூரத்தில் கிடக்க, இந்த மனிதர் கோட்டையின் ஐந்து மூலையையும் பக்கம் பக்கமாக வர்ணித்துக்கொண்டு போகிறார், தேசவழமை என்ற பேச்சே புத்தகத்தில் இல்லை.

அப்புறம் அந்தத் தேத்தண்ணீர். செத்தவரின் மனைவி விசாரணைக்கு வந்தவர்களுக்குத் திண்ணையில் வைத்துத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறா. ஜேம்ஸ் டெய்லர் மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் போட்டதே 1867இல். மோரோ கருப்பநீரோ கொடுத்திருக்கலாம். அச்சுக்குப் போக முதல் ஒருவர்கூட இதைக் கவனிக்கவில்லையா?

மதிப்புரை எழுதியவர் முடிவுவரை வாசித்தாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். எழுத்தாளரும் உங்கள் பத்திரிகை பார்ப்பவர்தான் என்று நினைக்கிறேன். இரண்டாம் பதிப்பு வருமென்றால் அந்தச் சிப்பாயை எடுத்துவிட்டு, கயிற்றை அறுத்தவனை அந்தக் குடும்பத்துக் காணித் தகராறுக்குள்ளேயே தேடட்டும், நான் திரும்பவும் காசு கொடுத்து வாங்குவேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், நல்லூர்