அக்கா, பையனை ஹாஸ்டலுக்கு அனுப்பாதே

அக்கா,

"நீ இருந்த இடம்தானே, அவன்கிட்ட நாலு நல்ல வார்த்தை சொல்லு" என்று போன வாரம் கேட்டாய். பேசினேன். போக வேண்டாம் என்றுதான் சொன்னேன். உன்னிடம் கேட்காமல் சொன்னதற்கு மன்னித்துவிடு. கேட்டிருந்தால் சொல்ல விட்டிருக்கவும் மாட்டாய்.

இன்னும் நாலு அக்காமார் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எழுதமாட்டேன். வளையல் விஷயத்தையும். சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள்.

2011இல் அந்த விசிட்டிங் ஞாயிறு. நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் வாசல்களில் எல்லாம் வேனும் காரும் தூக்குவாளியுமாகக் கூட்டம். நீ கைக்குழந்தையோடு பஸ் மாறி வந்தாய். வேப்பமரத்தடியில் போர்வையை விரித்து, கோழிக்குழம்பு ஊற்றிப் பிசைந்து கொடுத்தாய். இரண்டு வாய்தான் சாப்பிட்டேன். மூன்றாவது உருண்டை கையில் இருக்கும்போதே உன் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டேன். காலை நாலரைக்கு எழுப்பி, இரவு பதினொன்று வரை ஸ்டடியில் உட்கார வைத்தால் உடம்பு என்ன செய்யும்? நீ எழுப்பவில்லை. பையன் டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டும்போதெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாயாம், ரூம்மேட் பிறகு சொன்னான். விசில் அடித்ததும் கண் விழித்தேன். விரல்களில் ஒட்டியிருந்த சோற்றை ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தாய்.

அப்படி ஒரு தூக்கம் அந்த இரண்டு வருஷத்தில் எனக்கு வேறெங்கும் வாய்க்கவில்லை, அக்கா. ஆனால் சோற்றுக் கையோடு தூங்குகிறவனைப் பார்த்த பிறகும் உனக்கு எப்படி பஸ் ஏற மனசு வந்தது? "இன்னும் ஒரு வருஷம்தானே" என்று எப்படிச் சொன்னாய்?

நீ கஷ்டப்பட்டுத்தான் படிக்க வைத்தாய். இல்லை என்றால் என் நாக்கு அழுகிப்போகும். 1200க்கு நல்ல மார்க்கும் வந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு வருஷம் உருப்போட்டால் வராதா? பதினொன்றாம் வகுப்புப் பாடம் தெரியாமல் காலேஜ் முதல் செமஸ்டரில் நான் திணறிய கதை உனக்கே தெரியும்.

இப்போது அப்படியெல்லாம் இல்லை என்கிறாய். 2017இல் ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள். பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள், அந்தப் பாடத்தை நடத்தாமல் தாண்டிவிடக் கூடாது என்று. 2025இல் அந்தத் தேர்வையும் எடுத்துவிட்டார்கள். நீட்டில் இரண்டு வருஷப் பாடமும் வரும். மறுபடி தாண்டினால் யார் கேட்பது?

கட்டிய அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார்கள், அதை நான் அனுப்புகிறேன். நம்மூர் மேல்நிலைப் பள்ளியில் பயாலஜி குரூப் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். மச்சானிடம் நானே பேசுகிறேன். பையனைத் திட்டாதே. அவன் எதுவும் கேட்கவில்லை, நான்தான் ஆரம்பித்தேன்.