மாற்றித் தந்த டிரைவில் டெர்மினல் ஒதுக்கீடு தவறியது குறித்த புகார்

அனுப்புநர்
உரிமையாளர்,
நவீன அரிசி ஆலை,
காங்கேயம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உத்தரவாதக் காலத்தில் மாற்றித் தந்த 11 கிலோவாட் டிரைவின் இன்புட், அவுட்புட் டெர்மினல்கள் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் ஆலையில் நெல்லைச் சுத்தம் செய்யும் மெஷினுக்குத் தூக்கிக் கொடுக்கும் பக்கெட் எலிவேட்டரின் டிரைவ், அதாவது அதன் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, சென்ற மாதம் பழுதானது. தங்கள் சர்வீஸ் இன்ஜினியர் மறுநாளே வந்து, அதே மாடலில் புதியதைப் பொருத்தினார். அதற்கு நன்றி. ஆனால் அன்று முதல் எலிவேட்டருக்கு இருந்த இரண்டு பாதுகாப்புகளும் வேலை செய்யவில்லை என்பது, பத்தாம் நாள் பெல்ட் கருகிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பழைய டிரைவில் மூன்றாவது இன்புட் டெர்மினல் (சிக்னல் வயர் மாட்டும் இடம்), வெளியிலிருந்து வரும் ஃபால்ட்டுக்கு, அதாவது பழுதுச் சிக்னலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கீழ்ப் புல்லியின் வேகத்தைக் கண்காணிக்கும் ரிலேயின் கான்டாக்ட், பெல்ட் சரியாக ஓடும்வரை மூடியிருக்கும். பெல்ட் வழுக்கினாலோ வயரே அறுந்தாலோ திறக்கும், டிரைவும் உடனே டிரிப் ஆகி மோட்டாரை நிறுத்தும். டிரைவின் ரிலே அவுட்புட் ‘மோட்டார் ஓடுகிறது’ என்பதற்கு ஒதுக்கப்பட்டு, அதன் என்ஓ கான்டாக்ட் (ரிலே இயங்கும்போது மட்டும் மூடுவது) வழியாக நெல் தள்ளும் ஃபீடருக்கு இன்டர்லாக் போனது. எலிவேட்டர் நின்றால் ஃபீடரும் நிற்கும்.

புதிய டிரைவ் கம்பெனி செட்டிங்கோடு வந்தது. அதில் மூன்றாவது டெர்மினல், முன்கூட்டியே குறித்து வைக்கும் 10 ஹெர்ட்ஸ் வேகத்துக்கும், ரிலே ஃபால்ட்டைக் காட்டுவதற்கும் உரியவை. வயர்களை நம்பர் பார்த்துப் பழைய இடத்திலேயே மாட்டி ஸ்டார்ட் கொடுத்தபோது, மோட்டார் 10 ஹெர்ட்ஸுக்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததை என் ஆட்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். கான்டாக்ட் மூடியிருந்ததால் வேகம் 10க்கு இறங்கியது. வேகம் குறைந்ததும் பெல்ட் வழுக்குகிறது என்று கண்காணிப்பு ரிலே கான்டாக்டைத் திறந்தது. திறந்ததும் வேகம் மறுபடி 50க்கு ஏறியது. அந்த டெர்மினல் எதற்காக இருக்கிறது என்று கேட்க வேண்டிய நேரம் அதுதான். இன்ஜினியர் கேட்கவில்லை. அதன் பாராமீட்டரைப் பூஜ்ஜியமாக, அதாவது எந்த வேலையும் இல்லாததாக மாற்றினார், ஆட்டம் நின்றது. ஃபீடர் ஸ்டார்ட் ஆகாததற்கு, ரிலேயில் என்ஓ ஸ்க்ரூவில் இருந்த வயரைக் கழற்றி, ஃபால்ட் வந்தால் மட்டுமே திறக்கும் என்சி ஸ்க்ரூவில் மாட்டினார், அதுவும் ஓடியது. சர்வீஸ் ரிப்போர்ட்டில் அவர் எழுதியது, ‘டிரைவ் மாற்றப்பட்டது, இயக்கம் சரி’ என்ற ஒரே வரி.

பத்தாம் நாள் ஆபரேட்டர், நெல் இறங்கும் குழாயான ஸ்பவுட்டைச் சரிசெய்ய எலிவேட்டரைச் சில நிமிடம் நிறுத்தினார். சாதாரண ஸ்டாப் ஃபால்ட் ஆகாதல்லவா? ஃபீடர் நிற்காமல் நெல்லைத் தள்ளிக்கொண்டே இருந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்தபோது பக்கெட்டுகள் அடியில் நெல்லுக்குள் புதைந்துகிடக்க, பெல்ட் அசையவில்லை. மேல் புல்லி மட்டும் அதன் அடியில் தேய்த்துக்கொண்டு சுற்றியது. பெல்ட் வழுக்கியதால் மோட்டாரின் கரண்ட்டும் ஓவர்லோடு அளவுக்கு ஏறவில்லை. ரப்பர் கருகும் வாடை வந்த பிறகு, மெயின் கான்டாக்டரை நேரடியாக நிறுத்தும் எமர்ஜென்சி பட்டனை ஆபரேட்டர் அழுத்தினார். தூசி நிறைந்த எலிவேட்டருக்குள் அந்தச் சூடு எதில் போய் முடியும் என்பதை அரிசி ஆலைகளுக்கு டிரைவ் விற்கும் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அன்று மாலை எங்கள் எலக்ட்ரீஷியன் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். கான்டாக்ட் மூடியபோது மூன்றாவது டெர்மினலில் 24 வோல்ட், திறந்தபோது பூஜ்ஜியம். சிக்னல் வாசல்வரை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கதவைத்தான் தங்கள் ஆள் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பாராமீட்டர் செட்டிங் வாடிக்கையாளர் பொறுப்பு என்று தங்கள் அலுவலகம் போனில் சொன்னதை என்னால் ஏற்க முடியாது. முதல் டிரைவைப் பொருத்தி, எங்களிடம் கேட்டுக் கேட்டு ஒதுக்கீடு செய்தவர்களும் தங்கள் ஆட்களே. மேலும் பழைய டிரைவில் போனது பவர் பகுதி மட்டும். டிஸ்ப்ளே கழற்றும்வரை எரிந்துகொண்டுதான் இருந்தது. தங்கள் கீபேடிலேயே காப்பி வசதி இருக்கும்போது, பழைய செட்டிங்கைப் புதியதில் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஆகவே, இன்ஜினியரை அனுப்பி இரண்டு டெர்மினல்களையும் பழையபடி ஒதுக்கித் தருவதோடு, கண்காணிப்பு ரிலேயின் வயரைக் கழற்றி டிரைவ் டிரிப் ஆவதையும், ஸ்டாப் கொடுத்ததும் ஃபீடர் நிற்பதையும் எங்கள் முன்னிலையில் காட்ட வேண்டும். ஒவ்வொரு டெர்மினலும் எந்த வேலைக்கு, கான்டாக்ட் மூடினால் இயங்குமா திறந்தால் இயங்குமா என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளைப் பேனலில் ஒட்டித் தர வேண்டும். புது பெல்ட்டின் விலையையும் மாட்டிய கூலியையும் தங்கள் நிறுவனமே ஏற்க வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வரும்வரை ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஆலை உரிமையாளர்

இணைப்பு: சர்வீஸ் ரிப்போர்ட் நகல், பெல்ட் பில் நகல், கருகிய பெல்ட்டின் படங்கள்.