காத்திருக்கிற தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்பு தங்கச்சிக்கு,

"அக்கா, எனக்கு விசுவாசம் பத்தலயோ"ன்னு நீ அனுப்பின அந்த ஒரு வரி மனச விட்டுப் போகவே மாட்டேங்குது. ஃபோன்ல சொன்னா ரெண்டு பேரும் அழுதுட்டு வச்சிடுவோம், அதனால எழுதுறேன், மெதுவா படி.

குழந்தைக்காக இத்தனை வருஷம் நீ காத்திருக்கிறதுக்குக் காரணம் உன் விசுவாசம் கம்மியா இருக்கிறது இல்ல. லூக்கா முதல் அதிகாரத்த எடுத்துப் பாரு. 6ஆம் வசனம் சகரியாவும் எலிசபெத்தும் ரெண்டு பேருமே தேவனுக்கு முன்னாடி நீதியுள்ளவங்க, குற்றம் இல்லாம நடந்தாங்கன்னு சொல்லுது. அடுத்த வசனமே அவங்களுக்குப் பிள்ளை இல்ல, வயசும் ஆயிடுச்சுங்குது. லூக்கா இத ரெண்டையும் வேணும்னேதான் ஒட்டி வச்சிருக்கார்னு நான் நம்புறேன், ஏன்னா அவங்களையும் ஊர் சும்மா விடல, ஜனங்க நடுவுல தனக்கு இருந்த நிந்தைய பத்தி எலிசபெத்தே பின்னாடி சொல்றாங்க. இன்னொன்னு பாரு, உங்களுக்கு ஒரு மகன் பிறப்பான்னு தேவதூதன் நேர்ல வந்து சொல்லியும் சகரியா நம்பல. பேச முடியாம போச்சே தவிர கொடுத்த வாக்கு திரும்பிப் போகல. இத்தனை கிலோ விசுவாசம் இருந்தாதான் பதில்னு ஆண்டவர் தராசு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கல தங்கம்.

அந்த ஜெபக்கூட்டத்துல உன் தலைமேல கை வச்சு "அடுத்த வருஷம் இந்நேரம் கையில குழந்தையோட நிப்ப"ன்னு சொன்னாங்களே, அந்த வருஷமும் போயிடுச்சு, அதுக்கப்புறம்தான் நீ ரொம்ப உடைஞ்சிட்ட, எனக்குத் தெரியும். எரேமியா 28ல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி வருவார். நம்மள அடிமையாக்கின பாபிலோனோட நுகத்த கர்த்தர் உடைச்சிட்டார், அங்க கொண்டு போன எல்லாம் ரெண்டே வருஷத்துல திரும்பி வரும்னு ஆலயத்துலயே நின்னு சொல்றார். எரேமியா என்ன பண்ணார் தெரியுமா, முதல்ல "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக"ன்னார். அவருக்கும் அது நடக்கணும்னு ஆசைதான்! ஆனா கர்த்தர் அத சொல்லல, ஜனங்கள பொய்ய நம்ப வச்சிட்டன்னு அனனியாகிட்ட நேராவே சொன்னார். அதனால தேதி போட்டு சொன்னவங்க தப்பா சொன்னதுக்கு ஆண்டவர் உன்ன ஏமாத்திட்டார்னு கணக்கு எழுதாத.

அதுக்கு அடுத்த அதிகாரம் பாபிலோனுக்குச் சிறையா போனவங்களுக்கு எரேமியா அனுப்பின கடிதம், அதுலதான் நம்ம எல்லாரும் ஸ்டேட்டஸ்ல போடுற 29:11 இருக்கு, அவர் நம்ம பேர்ல வச்சிருக்கிறது சமாதானத்துக்கான நினைவுகள்னு. அதுக்கு முந்தின வசனத்த மட்டும் யாரும் போடுறதில்ல, அதுல ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும்னு இருக்கு. அந்தக் கடிதத்த வாசிச்ச பெரியவங்கள்ல நிறைய பேர் திரும்பிப் போற நாள பாத்திருக்கவே மாட்டாங்க. அவங்ககிட்ட கர்த்தர் சொன்னது என்னன்னா வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அதோட பழத்த சாப்பிடுங்க, நீங்க இருக்கிற பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்க. காத்திருக்கிற இடத்துலயே வாழுங்கன்னுதானே அர்த்தம். நீ அந்த படிப்புல சேராம "குழந்தை வந்துட்டா என்ன பண்றது"ன்னு தள்ளித் தள்ளி வச்சிட்டே இருக்க பாரு, தயவு செஞ்சு போய் சேர்ந்துடு. சேர்றதால நம்பிக்கைய விட்டுட்டன்னு ஆகிடாது.

டாக்டர பாக்கிறதும் அப்படித்தான், அதுல அவிசுவாசம் எதுவும் இல்ல, யார் என்ன சொன்னாலும் அப்பாயின்மென்ட்ட கேன்சல் பண்ணாத.

அழுகை வந்தா அழு. 1 சாமுவேல்ல வர்ற அன்னாளும் பிள்ளை இல்லாம வருஷா வருஷம் ஆலயத்துக்குப் போய் அழுதவ. புருஷன் எல்க்கானா பாசக்காரர்தான், ஆனா "பத்து பிள்ளைங்கள விட நான் உனக்கு மேல் இல்லையா"ன்னு கேட்டார், ஆசாரியன் ஏலியோ குடிச்சிருக்கான்னே நினைச்சிட்டார். வீட்லயும் புரியல ஆலயத்துலயும் புரியல. அப்பவும் அவ இருதயத்த கர்த்தர் முன்னாடி ஊத்திட்டு எழுந்து போய் சாப்பிட்டா, அப்புறம் அவ துக்கமுகமா இருக்கலன்னு வேதம் சொல்லுது, அப்ப அவ கர்ப்பமா கூட ஆகல. உங்கிட்ட சிரிச்ச முகமா இருன்னு சொல்றவங்க அந்த ஊத்தினத விட்டுட்டு கடைசி வரிய மட்டும் கேக்குறாங்க. 13ஆம் சங்கீதத்துல முதல் ரெண்டு வசனத்துலயே "எதுவரைக்கும்"னு நாலு தடவை கேக்குறார் தாவீது. நம்பிக்கை இல்லாதவன் யார்கிட்ட போய் கேப்பான் சொல்லு?

உனக்குக் குழந்தை வரும்னு நான் இதுல எங்கயும் எழுதல, கவனிச்சிருப்ப. எனக்கு அந்த அதிகாரம் இல்ல. நான் கேட்டுட்டே இருக்கேன், கேட்டுட்டே இருப்பேன். ஆனா எபிரெயர் 11, வாக்குத்தத்தத்த கையில வாங்காமலே தூரத்துல பாத்து அணைச்சுக்கிட்டு விசுவாசத்தோட மரிச்சவங்களயும் விசுவாச வீரர்கள் பட்டியல்லதான் வைக்குது, அவங்கள தோத்தவங்கன்னு சொல்லல. பதில் எப்படி வந்தாலும் உயிர்த்தெழுந்தவர் உன் பக்கத்துல இருக்கார்னு மட்டும் என்னால உறுதியா சொல்ல முடியும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஞாயித்துக்கிழமை சபையில மத்தவங்க ஆண்டவர் செஞ்சத சாட்சியா சொல்ற நேரம் தாங்க முடியலன்னா எழுந்து வெளிய வந்துடு, நானும் உன்கூட வந்து நிக்கிறேன். ஜெபிக்கவே முடியாத நாள்ல "இன்னைக்கு முடியல"ன்னு மட்டும் மெசேஜ் போடு, அன்னைக்கு உனக்கும் சேத்து நான் ஜெபிச்சுக்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா